அவசரத்துக்கு வெச்சது

வெண்ணந்தூர் தோட்டம்
12 ஆகஸ்ட் 2024

அம்மணி கண்ணாத்தாளுக்கு அண்ணன் சின்னுசாமி எழுதறது.

இங்க நானும் மாடு ரெண்டும் நல்லா இருக்கறோம். உன்ற காது எப்படி இருக்குது? போன வாரம் போன் பண்ணினேன். நீ எடுத்து "யாருங்க, யாருங்க"ன்னு கேட்டுட்டே இருந்துட்டு வெச்சுட்டே. நான் கத்துன கத்துல மாடுதான் கயித்த அத்துக்கிட்டு ஓடுச்சு. என்ற பட்டன் போன்ல தமிழ் அடிக்கறதுக்குள்ள பொழுது உழுந்துரும். நமக்குக் கடுதாசிதான் சரி.

ஆடிப் பதினெட்டு முடிஞ்சுது. இனிக் காத்து, அப்பறம் மழை, அப்பறம் புயல்னு டிவில பயமுறுத்துவானுக. நான் பயப்பட மாட்டேன். கெழக்கு ரூம்ல பொன்னி அரிசி மூட்டை அடுக்கியாச்சு. பருப்பு, கொள்ளு, கம்பு எல்லாம் தகர டின்னுல வேப்பந்தழை போட்டு மூடி வெச்சுருக்கறேன். சிலிண்டர் ஒண்ணு அடுப்புல, ஒண்ணு மூலைல. அதுவும் தீந்தா வெறகு இருக்குது, வரட்டி இருக்குது. தீப்பெட்டி பண்டல், மெழுகுவத்தி, சார்ஜ் போட்டு வெக்கற எமர்ஜென்சி லைட்டு நாலு. உப்பு மட்டும் ஒரு மூட்டை. பக்கத்துக் காட்டுக்காரங்க "ஏனுங்ண்ணா, சண்டை கிண்டை வருதுங்களா"ன்னு சிரிக்கறாங்க. சிரிக்கட்டும். கொரோனாவுல கடையெல்லாம் மூடிக் கெடந்தப்ப ஒரு டம்ளர் சர்க்கரைக்கு இவங்கதான் வந்து என்ற வாசல்ல நின்னாங்க.

இன்னொரு சமாச்சாரம். கொல்லைப்பக்கத்துப் பழைய கக்கூசை இடிச்சுட்டு, நாற்காலியாட்ட உக்கார்ற வெஸ்டர்ன் மாடல் போட்டாச்சு. எந்த நேரத்துல என்ன வருமோ. அதுவும் ஒரு அவசரந்தான்.

மாப்பிள்ளை எப்ப ரிட்டயர்டு ஆகறாரு? உடம்பைப் பாத்துக்க.

அண்ணன்
சின்னுசாமி

*

சூரமங்கலம்
27 ஆகஸ்ட் 2024

அண்ணாவுக்குக் கண்ணாத்தாள் கும்பிட்டு எழுதறது. சௌக்கியமுங்களா? சளி உட்டுருச்சுங்களா? இங்க அவருக்கு முட்டி வலி மட்டும் கூட இருக்குது, மத்தபடி சொகந்தான். எனக்குக் காது மிஷின் வாங்கிக் குடுத்தாங்க. மாட்டுனா மிக்ஸிக்குள்ள தலையை உட்ட மாதிரி இருக்குது. கழட்டி டப்பால போட்டுட்டேன்.

உங்க கெழக்கு ரூமைப் படிச்சு ஒரே சிரிப்பு. ஒரு மூட்டை உப்பை என்ன பண்ணுவீங்ண்ணா, மேட்டூர் அணைல கரைப்பீங்களா? இங்க எல்லாம் தலைகீழ். ரயில்வே ஸ்டோர்ஸ்ல வருசக்கணக்கா நட்டும் போல்ட்டும் எண்ணுன மனுசன், ஊட்டுல ரெண்டாவது தீப்பெட்டி வெக்க உட மாட்டாரு. "ஸ்டாக்கை ஆபீஸ்ல பாத்தாப் போதும், ஊட்டுல எதுக்கு"ம்பாரு. சிலிண்டர் ஒண்ணே ஒண்ணுதான்.

ஜனவரி கடைசியோட அவரு சர்வீஸ் முடியுதுங்க. அப்பறம் கொஞ்ச மாசந்தான் குவார்ட்டர்ஸ்ல இருக்க உடுவாங்க. எங்க போறதுன்னு தெரியாம வெசனமா இருக்குது. பிரவீனா ஓசூருக்குக் கூப்படறா. மகள் ஊடுன்னாலும் அது ஒத்தை ரூம், அதுவும் மூணாவது மாடி. இவரு முட்டிக்கு ஆகாது.

நீங்க என்ன எழுதுவீங்கன்னு தெரியும். எழுதாதீங்க. அந்த லாக்டவுன்ல எங்களுக்காவ ரெண்டு மூட்டை அரிசியும் எண்ணெய் டின்னும் முட்டை வண்டில ஏத்தி அனுப்புனீங்க. இவரு வாசல்லயே நிறுத்தி, "என்ற பொண்டாட்டிக்குச் சோறு போட எனக்குத் தெரியும்"னு வண்டியோட திருப்பி உட்டாரு. அன்னைக்கு நின்ன பேச்சு, ரெண்டு பேருக்கும் இன்னைக்கு வரைக்கும் இல்லை. சாமானையே வாங்காத மனுசன், சாமான் இருக்கற ஊட்டுக்கே வந்து இருப்பாரா? ஊட்டோட மாப்பிள்ளைங்கற பேச்சைக் கேட்டாலே மொகம் செவந்துரும். எனக்கு உங்க பக்கத்துல இருக்கோணும்னு ஆசைதான். ஆசை இருந்தா ஆச்சுங்களா.

நேரத்துக்குச் சாப்படுங்க.

தங்கச்சி
கண்ணாத்தாள்

*

வெண்ணந்தூர் தோட்டம்
16 செப்டம்பர் 2024

அம்மணிக்கு,

சளி போயிருச்சு. கடலைக்காய் பரவால்ல. மாடு சினையா இருக்குது.

நீ எழுதாதேன்னு சொன்னதை நான் எழுதலை. ஸ்டாக் சமாச்சாரம் மட்டும் எழுதறேன். ராசிபுரம் போயிக் காபிக்கொட்டை வறுத்து அரைச்சு வாங்கியாந்தேன், சிக்கரி கம்மியா. பித்தளை பில்டரும் ஒண்ணு. கைவெச்ச பிரம்பு நாற்காலி ரெண்டு வந்துருக்குது, கொஞ்சம் ஒசரமானது, எந்திரிக்கறப்ப முட்டி மடங்காது. கக்கூசுச் செவுத்துல பிடிச்சு எந்திரிக்க ஸ்டீல் கம்பி அடிச்சாச்சு. தைலம், வென்னீர்ப் பை, போர்வை. புயல்ல மாட்டிக்கிட்டா அரிசியை மட்டும் மென்னுட்டு இருக்க முடியுமா? மனுசனுக்கு அனுசரணையா நாலு சாமான் வேணும்.

உப்பைப் பத்தி நீ பேசாதே.

சின்னுசாமி

*

சூரமங்கலம்
20 அக்டோபர் 2024

அண்ணாவுக்கு நமஸ்காரமுங்க. மாடு கன்னு போட்டுச்சுங்களா? பதில் எழுத நாளாயிருச்சு. ஊடு பாக்க அலையறதுலயே பொழுது போகுது.

ஜங்ஷன் பக்கம் ஒண்ணு பாத்தோம், படி ஏறோணும். இன்னொண்ணு தரைதளந்தான், தண்ணி ராத்திரியிலதான் வருமாம். இன்னொரு ஊட்டுக்காரம்மா என்கிட்ட என்னமோ கேட்டாங்க, எனக்குக் கேக்கலை, இவளுக்குக் காது மந்தம்னு இவரு சொன்னாரு. உடனே அந்தம்மா இவரைப் பாத்து, "தனியா இருக்கறப்ப கேஸ் கீஸைத் தொறந்து உட்டுட்டா?"ன்னு கேட்டாங்களாம். வெளிய வந்துதான் சொன்னாரு. நான் காது கேக்காதவ, மூக்கு இல்லாதவளா? சிரிச்சுட்டேன். ஊட்டுக்கு வந்து கொஞ்சம் அழுதேன்.

ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. அண்ணி போனதுக்கப்பறம் நீங்க காபியே குடிக்கறதில்லையே, கருப்பட்டித் தண்ணிதானே. பில்டர் யாருக்கு? பிரம்பு நாற்காலி எதுக்கு ரெண்டு? வெறுந்தரைல உக்காந்து சோறு திங்கற ஆளு நீங்க.

தீவாளிக்கு சௌமியா வர்றாளா? மெட்ராஸ்ல இருக்கற உங்க மகளுக்கு லீவு கெடைக்கறதே பெருசு. வந்தா நான் கேட்டேன்னு சொல்லுங்க.

கண்ணாத்தாள்

*

வெண்ணந்தூர் தோட்டம்
6 நவம்பர் 2024

அம்மணிக்கு,

சௌமியா ரெண்டு நாள் இருந்துட்டுப் போனா. மாடு போட்டது கெடாரிக் கன்னு. எல்லாம் சொகம்.

பில்டர் ஒறம்பரை வந்தாக் காபி போட. நாற்காலி ஒறம்பரை உக்கார. ஒறம்பரை வராத ஊடுன்னு நெனச்சயா? குறுக்கு விசாரணை எல்லாம் உன்ற புருசன்கிட்ட வெச்சுக்க.

சின்னுசாமி

*

சூரமங்கலம்
8 டிசம்பர் 2024

அண்ணாவுக்கு,

அங்க புயல் மழை எப்படிங்க? ஓடு, கூரை ஏதும் போகலையே? மாட்டுக்குச் சாளைல தண்ணி ஒழுகுச்சுங்களா?

இங்க மழை நல்ல மழை. கரண்டு கொஞ்ச நேரம் இல்லை. மத்தபடி எல்லாம் நல்லாருக்குது, நீங்க வெசனப்பட வேண்டாம். பதில் போடுங்க.

கண்ணாத்தாள்

*

வெண்ணந்தூர் தோட்டம்
14 டிசம்பர் 2024

கண்ணாத்தா,

இங்க சொகம், அங்க சொகமில்லைன்னு எனக்குத் தெரியும். "எல்லாம் நல்லாருக்குது"ன்னு பொய் எழுதறதுக்குப் போஸ்ட்மேன் எதுக்கு நடக்கோணும்? முட்டை வண்டி ரமேஷ்குமார் சூரமங்கலம் கடைக்கு லோடு எறக்க வந்தப்ப உன்ற ஊட்டைப் பாத்துட்டுத்தான் வந்துருக்கறான். ஊட்டுக்குள்ள முழங்கால் தண்ணியாமா. ஸ்டவ்வைக் கட்டல் மேல தூக்கி வெச்சுருந்தீங்களாமா. சிலிண்டரும் தீந்துபோயி, புருசனும் பொண்டாட்டியும் ரெண்டு நாளா பன்னும் டீயுமா இருந்தீங்களாமா. என்கிட்டச் சொல்றதுக்கு உனக்கு என்ன கேடு?

அவன் வந்து சொன்ன அன்னைக்கே ரெண்டு தடவை மூட்டையைத் தூக்கி அவன் வண்டில வெச்சேன். ரெண்டு தடவையும் நானே எறக்கிட்டேன். மறுபடியும் வாசலோட திரும்பி வந்துச்சுன்னா என்னால தாங்க முடியாது அம்மணி. சாமான் போனாப் போகுது. நம்ம ஊட்டுச் சோறு உனக்கு ஆகாதுன்னு ஆயிருமில்ல, அதான்.

இங்க மூணு நாள் கரண்டு இல்லை. லைட்டு நாலும் புல் சார்ஜ்ல இருந்துச்சு. எடுக்கலை. இருட்டுலயே ஒக்காந்திருந்தேன். அவசரத்துக்கு வெச்சதை எடுத்து எரிச்சுட்டா அவசரத்துக்கு என்ன பண்றது? ரெண்டாவது நாள் வெறகு நனைஞ்சுருச்சு. ரெண்டாவது சிலிண்டரை மாட்டலாமான்னு ரொம்ப நேரம் பாத்துட்டு, பொரியும் வெல்லமும் தின்னுட்டுப் படுத்துட்டேன். இது என்ற அவசரம், சின்னது. பெரிய அவசரம் வேற யாருக்காச்சும் வந்தா வேணுமில்ல.

ஊடு காஞ்சுதா? கால்ல சேத்துப்புண்ணு வராமப் பாத்துக்க.

சின்னுசாமி

*

சூரமங்கலம்
29 டிசம்பர் 2024

அண்ணாவுக்கு,

நான் பொய் எழுதுனது தப்புதானுங்க. ஊடு காஞ்சுது, கட்டல் கால் மட்டும் ஊறிப் போச்சு. ஒடம்புக்கு ஒண்ணுமில்லை.

உங்க கடுதாசியை அவருகிட்ட ஒரு வரி உடாமப் படிச்சுக் காட்டுனேன். நீங்க திட்டுனதையும் சேத்துத்தான். லைட்டை வெச்சுட்டு இருட்டுல ஒக்காந்திருந்தேன்னு எழுதியிருந்தீங்களே, அந்த எடத்துல, "என்னடி இந்தாளு, கிறுக்கா"ன்னு சிரிச்சாரு. அப்பறம் சிரிப்பு நின்னு போச்சு. அன்னைக்கு ரெண்டாஞ்சோறு வாங்கலை.

அடுத்த நாள் காலைல பேப்பரை மடக்கி வெச்சுட்டு, ஸ்டோர்ஸ்ல கேள்வி கேக்கறாப்புல ஆரம்பிச்சாரு. எனக்குக் கேக்கோணும்னு எதுக்க வந்து ஒக்காந்து, வாயை நல்லாத் தொறந்து பேசுனாரு. உங்கண்ணன் காபி குடிப்பாரான்னாரு. இல்லைன்னேன். அவருக்கு முட்டி வலி உண்டான்னாரு. இன்னும் குத்தவெச்சுக் களை வெட்டறாருன்னேன். அப்படின்னா அந்தக் கக்கூசும் கம்பியும் எதுக்குன்னாரு. பதிலையும் அவரேதான் சொன்னாரு:

"செலவே ஆகாத சாமானை எவனும் ஸ்டாக் வெக்க மாட்டான், கண்ணாத்தா."

அதுக்கப்பறம் கதவைச் சாத்திட்டு மொட்டை மாடிக்குப் போயிட்டாரு, அந்த முட்டியை வெச்சுக்கிட்டு. நான் அடுப்படில ஒக்காந்து ஒரு பாட்டம் அழுதேன். கஷ்டத்துல அழுகலைங்ண்ணா. இத்தனை நாளா உப்பு மூட்டைன்னு உங்களைக் கிண்டல் பண்ணினேன் பாருங்க.

நேத்துக் கடைல வெள்ளைத்தாள் வாங்கியாந்து வெச்சுருக்கறாரு. எனக்கில்லை.

கண்ணாத்தாள்

*

சூரமங்கலம்
4 ஜனவரி 2025

மதிப்பிற்குரிய மச்சான் சின்னுசாமி அவர்களுக்கு,

ஜெகதீஸ்வரன் எழுதுவது. தாங்கள் நலமென்று தங்கள் தங்கை மூலம் தெரிந்துகொண்டேன். இங்கு நலம்.

பொருள்: முன்பு திருப்பி அனுப்பிய சாமான்கள்.

2020ஆம் ஆண்டு ஊரடங்கில் தாங்கள் அனுப்பிய அரிசி மூட்டை இரண்டும் எண்ணெய் டின்னும் என்னால் பெற்றுக்கொள்ளப்படாமல் திருப்பப்பட்டன. மேற்படி சாமான்களை இப்போது பெற்றுக்கொள்ளச் சம்மதிக்கிறேன். தங்கள் வசதிப்படி அனுப்பி வைக்கவும்.

இதை எழுத நான்கு தாள் கிழித்தேன். வேறு எப்படி எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை.

இப்படிக்கு,
ஜெகதீஸ்வரன்

*

வெண்ணந்தூர் தோட்டம்
9 ஜனவரி 2025

மாப்பிள்ளைக்குச் சின்னுசாமி கும்பிட்டு எழுதறதுங்க.

உங்க கடுதாசி வந்துச்சுங்க. போஸ்ட்மேனை ஒக்கார வெச்சு மோர் குடுத்து அனுப்புனேன். முட்டி எப்படி இருக்குதுங்க?

அந்த அரிசியை அப்பவே கோழிக்குப் போட்டுட்டேனுங்க. கோவத்துல போட்டது. எண்ணெயைப் பலகாரம் சுட்டுத் தின்னாச்சு. வேற சாமான் வேண்டிய மட்டும் இருக்குது. ஆனா அனுப்ப மாட்டேனுங்க. ஒருக்கா அனுப்பிப் பாத்தாச்சு. வேணும்னா நீங்களே வந்து எடுத்துக்கோங்க.

நான் உங்களை விருந்துக்கு அழைக்கலைங்க. கடுதாசில அழைச்சா அது மரியாதையா? ஒறமொறையை நேர்ல வந்து வெத்தலை பாக்கு வெச்சுத்தான் அழைக்கோணும். அதுக்கு உங்க வாசலுக்கு வாரதுக்கு எனக்கு இன்னும் தெகிரியம் வரலைங்க. அதனால இது அழைப்பு இல்லை, சாமான் எடுக்க வாரதுதான். வண்டி வேணும்னா ரமேஷ்குமாரைச் சொல்லறேனுங்க.

தங்கச்சியைக் கேட்டேன்னு சொல்லுங்க.

சின்னுசாமி

*

வெண்ணந்தூர் தோட்டம்
7 பிப்ரவரி 2025

அன்புள்ள கண்ணாத்தாளுக்கு,

நான் நலம். முட்டிக்கு உன் அண்ணன் தினமும் தைலம் தேய்த்துவிடுகிறார், வேண்டாமென்றால் கேட்பதில்லை. போன் பண்ணினால் உனக்குக் கேட்காது, உனக்குத் துணையாக வந்திருக்கும் பிரவீனாவிடம் சொன்னால் பாதிதான் வந்து சேரும். அதனால் ரமேஷ்குமார் வண்டியில் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். பொங்கலுக்கே போய்விட்டு வந்திருக்கலாம் என்று நீ முணுமுணுத்தாய். சர்வீஸில் இருக்கும்வரை யார் வாசலிலும் சாமானுக்கு நின்றவனில்லை. ரிட்டயர்டு ஆன மறுநாள் போட்ட மாலை வாடுவதற்குள் கிளம்பியது உனக்கே தெரியும்.

காலையில் வந்து மாலையில் திரும்புவதாகத்தான் சொன்னேன். திரும்ப முடியவில்லை. உன் அண்ணனின் கிழக்கு ரூமைப் பார்த்தால் எந்த ஸ்டோர்ஸ்காரனுக்கும் நெஞ்சு வலி வரும். புது மூட்டை முன்னால், பழைய மூட்டை சுவரோரம். அடி மூட்டையில் வண்டு. நாலு எமர்ஜென்சி லைட்டில் இரண்டு எரியவே இல்லை, எடுத்துப் பார்த்தால்தானே தெரியும். காபித்தூள் செப்டம்பரில் வாங்கியது, வாசமே போய்விட்டது. "இதைக் குடித்தால் ஒறம்பரை திரும்பி வராது மச்சான்" என்றேன். அன்று சாயந்தரமே ராசிபுரம் போய்ப் புதுத்தூள் வாங்கி வந்துவிட்டார். அதைக் குடிக்க ஒரு நாள் தங்கினேன். அரிசியைக் காயவைத்துப் புடைக்க இரண்டு நாள். பழசு முன்னால், புதுசு பின்னால் என்று அடுக்க இன்னும் ஒரு நாள். தினமும் ஏதாவது ஒன்றை எடுத்துச் செலவழித்தால்தான் ஸ்டாக் உயிரோடு இருக்கும் என்று சொல்லியிருக்கிறேன். நேற்று அவர் கையால் அரிசிம்பருப்புச் சோறு, நெய் ஊற்றி. நன்றாகவே ஆக்குகிறார்.

ஊட்டோட மாப்பிள்ளையாக இருக்க மாட்டேன் என்று நானே பேச்சை எடுத்தேன். "யாருங்க அப்படி இருக்கச் சொன்னா, ஸ்டோர் கீப்பரா இருங்க" என்றார். நான் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு மூட்டைகளை மேற்கு ரூமுக்கு மாற்றிவிட்டார். கிழக்கு ரூமில் நம் கட்டில் சரியாக அடங்கும், அளந்து பார்த்துவிட்டேன்.

ஒன்றைக் கடைசியில் எழுதலாமென்று வைத்திருந்தேன். நான் வந்த அன்று கதவு சாத்தியிருந்தது. காலிங்பெல்லை அமுத்தினேன், சத்தமே இல்லை. ரிப்பேர் போலிருக்கிறது என்று இன்னொரு தரம் அமுத்திவிட்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். மணிச் சத்தத்துக்குப் பதிலாகக் கூடத்தில் ஒரு சிவப்பு பல்பு விட்டு விட்டு எரிகிறது. அடுப்படியிலும் ஒன்று எரிகிறது. பிறகு சுற்றிப் பார்த்தால், கிழக்கு ரூமில், கட்டில் போட்டால் தலைமாட்டுக்கு எதிரே வரும் சுவரில் ஒன்று. பின்பக்கம் துவைக்கும் கல்லுக்கு மேலேயும் ஒன்று. இந்த வீட்டில் காது கேட்காதவர் யாருமில்லை, கண்ணாத்தா. உன் அண்ணனுக்குப் பக்கத்துக் காட்டில் நாய் குரைத்தால் கேட்கும்.

அவர் காட்டிலிருந்து வந்ததும், இது எப்போது மாட்டியது என்றேன். தலையைச் சொறிந்துகொண்டு, "கரண்டு இல்லாட்டியும் பேட்டரில எரியுமுங்க மாப்பிள்ளை" என்றார். நான் கேட்டது அதில்லை. எரியாத லைட்டுகளைப் பார்க்க வந்த எலக்ட்ரீசியன் சொல்லித்தான் தெரிந்தது, மாட்டி ஒரு வருசத்துக்கு மேல் ஆகிறதாம்.

சாமான்களைக் கட்ட ஆரம்பி. கட்டில் காலை நான் மாற்றிக்கொள்கிறேன்.

உன்
ஜெகதீஸ்வரன்

*

சூரமங்கலம்
8 பிப்ரவரி 2025

ஏனுங்க, அண்ணா, ரெண்டு பேருக்கும் சேத்து எழுதறேன்.

நானும் பிரவீனாவும் சொகம். கடுதாசியை அவ ஒருக்கா படிச்சா, நான் எத்தனை தடவைன்னு கேக்காதீங்க. பாத்திரமெல்லாம் சாக்குல கட்டியாச்சு. ரமேஷ்குமார் புதங்கிழமை வண்டி கொண்டாரேன்னு சொல்லியிருக்கறான், முட்டை தட்டெல்லாம் எறக்கிட்டு.

ஒண்ணு மட்டும் சொல்லிப்போடறேன். வந்து எறங்குனதும் என்னைப் பெல்லை அமுத்தச் சொல்லாதீங்க. வெளிய நின்னு அமுத்துனா எனக்கு என்ன தெரியும்? நான் நேரா உள்ள போயிக் கெழக்கு ரூம்ல ஒக்காந்துக்குவேன். நீங்க ரெண்டு பேரும் வெளிய சேந்து நின்னு அமுத்துங்க. நான் பாத்துட்டு வந்து கதவைத் தொறக்கறேன்.

கண்ணாத்தாள்